ஞாயிற்றுக்கிழமை பஸ்: மகர்பட்டாவிலிருந்து பான்ஷேத் வரை

மழைக்காலம் தொடங்கி சஹ்யாத்திரி மலைச் சரிவுகள் பசுமை கொள்ளும் ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புணே நகரிலிருந்து பெருந்திரளான மக்கள் மேற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். காலையில் சென்று, அணையையோ அருவியையோ கோட்டையையோ கண்டு களித்து, இரவுக்குள் வீடு திரும்புவது இவர்கள் வழக்கம். சர்வதேசப் புள்ளிவிவர மரபில் ஓர் இரவேனும் வெளியூரில் தங்குபவரே சுற்றுலாப் பயணி எனக் கொள்ளப்படுகிறார். அன்றே திரும்புபவர் ‘ஒரு நாள் வருகையாளர்’ எனத் தனியே பிரிக்கப்படுகிறார். விடுதிப் பதிவேடுகளில் இவருடைய பெயர் இராது. எனவே சுற்றுலாத் துறையின் வழக்கமான கணக்குகளில் இவர் எளிதில் அகப்படுவதில்லை. ஆயினும் சாலை, குடிநீர், கழிப்பிடம், மலைச்சரிவு ஆகிய அனைத்தையும் இவர் பயன்படுத்தவே செய்கிறார். இவர் விட்டுச்செல்லும் பணம் எவருக்குச் சேர்கிறது, இவர் விட்டுச்செல்லும் சுமையை எவர் தாங்குகிறார் என்ற கேள்விகள் வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர் ஆராய வேண்டியவை.

ஆராய்ச்சியின் எளிமை கருதி இரு நண்பர்களை எடுத்துக்கொள்ளலாம். இருவரும் புணேயின் கிழக்குப் பகுதியில் ஹடப்சரை அடுத்த மகர்பட்டாவில் உள்ள கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர்கள். ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், மற்றவர் உள்ளூர்க்காரர் எனக் கொள்ளலாம். ஒரு ஞாயிறன்று சுற்றுலா பஸ்ஸில் கடக்வாஸ்லா அணை, சிங்ககட் கோட்டையின் அடிவாரம், பான்ஷேத் நீர்த்தேக்கம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்ப அவர்கள் எண்ணுகின்றனர். இது கற்பனைச் செலவு எனினும் கற்பனைப் பயணம் அன்று. புணே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆகிய இரு நகரங்களின் பஸ் அமைப்புகளை இணைத்து 2007-இல் உருவாக்கப்பட்ட மாநகரப் போக்குவரத்து நிறுவனம், ‘புணே தர்ஷன்’ என்ற நகர்க்காட்சி பஸ்ஸை நடத்தி வந்துள்ளது. 2025-இல் அது வார இறுதி நாட்களில் புறநகர்த் தலங்களுக்கும் சுற்றுலா பஸ்களை அறிமுகப்படுத்தியது. அவற்றுள் சில ஹடப்சரிலிருந்தே புறப்படுமாறு அமைக்கப்பட்டன.

புறப்படும் இடம்

பயணம் தொடங்கும் இடமே ஒரு பொருளாதாரப் பாடம். இன்று அடுக்குமாடிக் கட்டிடங்களும் அலுவலகக் கோபுரங்களும் அதிதி பூங்காவும் காணப்படும் மகர்பட்டா, 1990-களின் இறுதி வரை கரும்பு விளைந்த நிலம். 1960-களிலேயே இப்பகுதி நகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட போதிலும், உழவு மண்டலமாகவே நீடித்தது. 1982-இன் வரைவு வளர்ச்சித் திட்டத்தில் இது எதிர்காலத்தில் நகர்மயமாகக் கூடிய பகுதி எனக் குறிக்கப்பட்டதும், உழவர்களின் முன் இரண்டு வழிகளே தெரிந்தன: அரசு கையகப்படுத்தும் வரை காத்திருப்பது, அல்லது துண்டு துண்டாகக் கட்டிட வணிகர்களுக்கு விற்பது. இரண்டிலும் முடிவு ஒன்றே. கையில் ஒரு தொகை வரும், நிலம் போகும், பின்னர் அந்நிலத்தின் விலை எத்தனை மடங்கு உயர்ந்தாலும் அதில் உழவருக்குப் பங்கு இராது.

வேளாண்மைக் கல்லூரியில் பயின்ற சதீஷ் மகர் என்பவரின் முன்முயற்சியால், 1993 முதல் மூன்றாவது வழி ஒன்று ஆராயப்பட்டது. சுமார் 120 குடும்பங்கள் தமக்குச் சொந்தமான 400 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு நிறுவனத்தை அமைத்தன. நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குகள் வழங்கப்பட்டன. பங்குகள் வெளியாருக்குச் செல்லாதவாறு விதி செய்யப்பட்டது. 2000-ஆம் ஆண்டளவில் கட்டுமானம் தொடங்கியபோது, கட்டுமானப் பொருள் வழங்கல், போக்குவரத்து, தோட்டப் பராமரிப்பு போன்ற ஒப்பந்த வேலைகள் பல இக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கே கிடைத்தன. நிலத்தை விற்காமல் நிலத்தின் உயரும் மதிப்பில் உரிமை கொண்டாடும் இவ்வேற்பாடு, நாட்டின் நகரமைப்பு வல்லுநர்களால் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

இதன் வெற்றிக்குக் காரணங்கள் சில தனிச்சிறப்பானவை என்பதையும் மறைத்தல் ஆகாது. குடும்பங்களிற் பல ஒரே மரபைச் சேர்ந்தவை. மகர் என்ற பெயரே அதற்குச் சான்று. நம்பிக்கை முன்பே இருந்தது. நகரமோ வாயில் வரை வந்துவிட்டிருந்தது. தகவல் தொழில்நுட்பத் துறை இடம் தேடிய அதே ஆண்டுகளில் இவர்களுடைய கட்டிடங்கள் எழுந்தன. இம்மூன்றும் வேறோரிடத்தில் ஒருங்கே வாய்ப்பது அரிது.

கால்வாயை எதிர்த்துச் செல்லும் சாலை

ஹடப்சரை விட்டு நீங்கும் பஸ், ஸ்வார்கேட் வழியாகச் சிங்ககட் சாலையை அடைகிறது. வழிநெடுகிலும் அதன் அருகாமையில் ஒரு கால்வாய் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். நண்பர்கள் அதனைக் கவனியாமலே போகக் கூடும். முட்டா வலதுகரைக் கால்வாய் எனப்படும் இது, கடக்வாஸ்லாவில் புறப்பட்டு நகரின் ஊடே ஓடி, ஹடப்சரைக் கடந்து, கிழக்கே தௌண்ட், இந்தாப்பூர் பகுதிகளின் வறண்ட நிலங்கள் வரை நீர் கொண்டு செல்வது. மகர்பட்டாவின் கரும்பு இக்கால்வாயின் பாசனப் பகுதியில் விளைந்ததே. புணே நகரின் சராசரி ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. மட்டுமே, கரும்புக்கு அது போதாது. மேற்கே மலைமுகட்டில் பெய்யும் மழை இதனினும் பன்மடங்கு. அந்த மழையைத் தேக்கி வைத்ததாலேயே கிழக்கே நிலத்துக்கு மதிப்பு உண்டாயிற்று.

ஆகவே இந்த ஒரு நாள் சுற்றுலா, பயணிகள் அறிந்தோ அறியாமலோ, தம் ஊரின் செல்வம் பிறந்த இடத்தை நோக்கி நீரோட்டத்துக்கு எதிராகச் செய்யும் பயணமே ஆகும்.

கடக்வாஸ்லாவை எட்டுமுன் சாலையோரம் நாந்தேட் சிட்டி என்னும் மற்றொரு புதிய குடியிருப்பு வருகிறது. சுமார் 700 ஏக்கரில், மகர்பட்டா முறையைப் பின்பற்றியே உழவர்கள் நிலம் சேர்த்து அமைத்தது இது. அதற்கு அப்பால் அம்முறை செல்லவில்லை. எல்லை அங்கே நின்றது ஏன் என்பது பிற்பகுதியில் விளங்கும்.

கடக்வாஸ்லா அணை 1879-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏரியின் கரையில் தேசியப் பாதுகாப்புக் கழகம் எனும் இராணுவப் பயிற்சி நிலையம் உள்ளது. அணைக்கு அருகே மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வெள்ளம் உயரும்போது தாமே திறந்து, வடியும்போது தாமே மூடும் மதகுகளை மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யா 1903-இல் பொருத்தியது இவ்வணையிலேதான். பொறியியல் மாணவர்களுக்கு இதனைக் காண்பது பாடநூலின் ஓர் அத்தியாயத்தைக் கண்ணால் காண்பதற்கு ஒப்பாகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் கவனமெல்லாம் அணையோரச் சாலையில் சுட்ட சோளக்கதிரிலும் வெங்காய பஜ்ஜியிலும் இருக்கும். அவ்வின்பத்தையும் குறை கூறுவதற்கில்லை.

அணைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. மேற்கே அம்பி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு வந்த பான்ஷேத் அணை, முதல் முறையாக நீர் நிரம்பிய பருவத்திலேயே, 1961 ஜூலை 12-ஆம் நாள் உடைந்தது. அவ்வெள்ளம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்து, புணே நகரின் ஆற்றோரப் பகுதிகளை மூழ்கடித்தது. இரு அணைகளும் பின்னர் மீண்டும் கட்டப்பட்டன. இன்று கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவு சுமார் 29 டி.எம்.சி. இதில் கடக்வாஸ்லாவின் பங்கு ஏறத்தாழ 2 டி.எம்.சி. மட்டுமே, பான்ஷேத்தில் சுமார் 10.65, வரஸ்காவில் சுமார் 12.8. நகரத்தார் நாள்தோறும் குழாயில் காணும் நீரின் பெரும்பகுதி, அவர்கள் விடுமுறையில் கண்டு வியக்கும் அந்த உள் பள்ளத்தாக்குகளில் தேங்கியதே.

இருவரின் செலவுக் கணக்கு

பஸ் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் எனக் கொண்டால், நண்பர்கள் இருவருக்கும் 1,000 ரூபாய். இதே வழியில் சொந்தக் காரில் சென்றால் போக வர ஏறத்தாழ 110 கி.மீ. ஒரு லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் வண்டியாயின் ஏழு லிட்டருக்குச் சற்று மேல். லிட்டர் 100 ரூபாயைச் சற்றே மிஞ்சும் விலையில் சுமார் 750 ரூபாய். மோட்டார் சைக்கிளில் சென்றாலோ 250 ரூபாய்க்குள் காரியம் முடியும். ஆக, வண்டியை ஏற்கெனவே வாங்கிவிட்ட ஒருவருக்கு பஸ்ஸே விலை அதிகமான வழி. நகரத்தார் பஸ்ஸை நாடாததற்குப் பொதுமக்களின் பொறுப்பின்மையைக் காரணம் காட்டுவோர் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை என்றே தோன்றுகிறது.

கார்க்காரரின் கணக்கில் வராத செலவுகள் வேறிடத்தில் ஏறுகின்றன. சாலைப் பொறியியலில் ஒரு பஸ்ஸை மூன்று கார்களுக்குச் சமமாகக் கொள்வது வழக்கம். நாற்பது பேர் பஸ்ஸில் வந்தால் மூன்று கார்களின் இடம் போதும். அதே நாற்பது பேர் இருவர் இருவராகக் காரில் வந்தால் இருபது கார்கள். அணையோரத்தில் ஞாயிறு மாலைகளில் வண்டிகள் அணிவகுத்து நிற்பதற்கும், நோயாளியை நகருக்குக் கொண்டுசெல்லும் கிராமத்தார் அவ்வரிசையில் சிக்கிக்கொள்வதற்கும் காரணம் இதுவே. தனியார் செலவுக்கும் சமுதாயச் செலவுக்கும் உள்ள இந்த இடைவெளியை நிரப்பும் வழி, பஸ்ஸின் கட்டணத்தைக் குறைப்பது அல்லது வண்டி நிறுத்துவதற்கு உரிய விலை வைப்பது. இரண்டையும் ஒருசேரச் செய்வது இன்னும் நலம்.

சிங்ககட்டில் இதற்கான முயற்சி ஒன்று நடைபெற்றது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள இக்கோட்டை, 1670-இல் தானாஜி மாலுசரே போரிட்டு மாண்ட இடம் என்பதால் மராட்டியர் அனைவருக்கும் புனிதத்தலம் போன்றது. வளைந்து ஏறும் குறுகலான மலைச்சாலையில் தனியார் வண்டிகளைத் தடுத்து, அடிவாரத்திலிருந்து மின் பஸ்களை மட்டும் விடும் ஏற்பாடு 2022 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. அதே மாதத்திலேயே நிறுத்தப்பட்டது. நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் கோடை விடுமுறைக் கூட்டத்துக்குப் போதுமான எண்ணிக்கையில் பஸ்களும், அவற்றுக்கு மின்னேற்றம் செய்யும் வசதியும், ஏற்கெனவே ஜீப் ஓட்டிப் பிழைத்துவந்த உள்ளூர் இளைஞருக்கு மாற்று வழியும் முன்கூட்டியே அமையாத இடத்தில் தடை மட்டும் முதலில் வந்தால் அது நிலைப்பதில்லை.

தமிழ்நாட்டில் வேறொரு முறை கையாளப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகை, கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025-இன் கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. அரசு பஸ்ஸில் வருவோருக்கு இவ்வரம்பு இல்லை. பஸ்ஸில் செல்வதற்கு ஒரு முன்னுரிமை கிடைத்ததோடு, எத்தனை வண்டிகள் வருகின்றன என்ற எண்ணிக்கையும் முதன்முறையாக நிருவாகத்தின் கைக்கு வந்தது. ஒரு நாள் வருகையாளரைப் பற்றிய தகவல் பஞ்சத்தில் இது சிறிய ஆதாயமன்று.

பள்ளத்தாக்கில் தங்கும் பணம்

நண்பர்கள் வழியில் பிட்லா, பாக்ரி, மண்சட்டித் தயிர் ஆகியவற்றை உண்டு ஆளுக்கு 200 ரூபாய் செலவிட்டதாகக் கொள்ளலாம். அவர்களுடைய நாளின் மொத்தச் செலவு 1,400 ரூபாய். இதில் கட்டணமாகிய 1,000 ரூபாய் நகரத்துக்கே திரும்பிவிடுகிறது. எஞ்சிய 400-இலும் கடலைமாவு, எண்ணெய், புட்டி நீர் ஆகியவற்றின் விலை புணேயின் மொத்த வணிகர்களுக்குப் போகும். கிராமத்தில் உண்மையாகத் தங்குவது, பாக்ரி தட்டிய பெண்ணின் உழைப்புக்கும் வீட்டு எருமையின் பாலுக்கும் உரிய தொகை மட்டுமே. மொத்தச் செலவில் அது ஏழில் ஒரு பங்கைத் தொட்டால் மிகுதி. பொருளாதார நூல்கள் இதனைக் கசிவு என்று கூறும். இரவு தங்கும் பயணியிடம் இக்கசிவு சற்றுக் குறைவு. ஒரு நாள் வருகையாளரிடம் மிக அதிகம்.

மறுபுறம் அவர் காண வந்த காட்சி இலவசமாகக் கிடைத்தது. அக்காட்சிக்கு விலை கொடுத்தவர்கள் வேறு. பான்ஷேத்தின் நீர்ப்பரப்புக்கு அடியில் கிடப்பவை ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்கள். மராட்டிய மாநிலத்தில் திட்டங்களால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக்கெனத் தனிச் சட்டம் வந்தது 1976-இல். பான்ஷேத் அணைக்காக நிலம் எடுக்கப்பட்டதோ அதற்கு இரண்டு பத்தாண்டுகளுக்கு முன், 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் காலத்தில். மகர்பட்டா உழவர் எந்த வழியை அஞ்சி விலகினாரோ, அவ்வழியே இங்குள்ள உழவர் அனுப்பப்பட்டார். ஒரே கால்வாயின் கடைப்பகுதியில் இருந்தவர் நிலத்தின் மதிப்பேற்றத்தில் பங்குதாரர் ஆனார். தலைப்பகுதியில் இருந்தவர் ஈட்டுத்தொகை பெற்று வெளியேறினார்.

பின்னாளில் இப்பள்ளத்தாக்குக்கு வந்த தனியார் முதலீடும் இந்நிலையை மாற்றவில்லை. வரஸ்காவ் நீர்த்தேக்கத்தின் கரையில் எழுந்த லவாசா மலைநகரத் திட்டம், 2010 நவம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நடவடிக்கையால் தடைப்பட்டு, 2011 நவம்பரில் நிபந்தனைகளுடன் அனுமதி பெற்று, 2018-இல் நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அங்கு உள்ளூர்க் குடும்பங்கள் நிலம் கொடுத்தவர்களாகவோ கூலிக்குச் சென்றவர்களாகவோ இருந்தன. மகர்பட்டாவில் போல உரிமையாளர்களாக அல்ல.

நெரிசலின் விலை

இலவசக் காட்சியிடத்தில் கூட்டம் கூடும்போது பாதுகாப்பு எவருடைய பொறுப்பும் ஆகாமல் போவதுண்டு. 2024 ஜூன் 30, ஞாயிறு. லோனாவளாவின் பூஷி அணைக்கு மேலுள்ள நீரோடையில் திடீரெனப் பெருகிய வெள்ளத்தில் புணே நகரின் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் அடித்துச் செல்லப்பட்டு மாண்டனர். 2025 ஜூன் 15, அதுவும் ஞாயிறு. இந்திராயணி ஆற்றின் குண்ட்மளா என்னுமிடத்தில் பழைய இரும்புப் பாலம் கூட்டத்தின் பாரம் தாங்காது சரிந்து நால்வர் உயிரிழந்தனர். இரு நிகழ்ச்சிகளுக்குப் பின்னும் தடையுத்தரவுகள் வந்தன. தடையுத்தரவை நிறைவேற்ற ஆற்றங்கரையில் நிற்பதற்கு ஊதியம் பெறும் ஆள் வேண்டும் என்பதே இதில் எளிதில் மறக்கப்படுவது. எந்த ஓடை எந்த மழைக்குப் பெருகும் என்பதை அறிந்தவர் அவ்வூர்க்காரரே.

சிங்ககட் சாலையில் இதற்கு ஒரு முன்மாதிரி சிறிய அளவில் உள்ளது. மலையேறும் வண்டிகளிடம் கட்டணம் வசூலிக்கப்பட்டு, கிராமத்தார் இடம்பெறும் கூட்டு வன நிருவாகக் குழுவின் வழியே அது கையாளப்படுகிறது. காடுகளைக் காப்பதில் கிராமத்தாரைப் பங்காளிகளாக்கும்படி மத்திய அரசு 1990 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையே இத்தகைய குழுக்களின் தோற்றுவாய். அக்கட்டணத்தைச் சுற்றுலா பஸ்ஸின் சீட்டிலும் ஒரு சிறு கூறாகச் சேர்க்கலாம். ஒருவருக்கு 20 ரூபாய் என்றாலும், நாற்பது பேர் வரும் பஸ் ஒன்றுக்கு 800 ரூபாய். ஓடையருகே காவல் நிற்கும் ஒருவரின் அன்றைய கூலி அதில் அடங்கும். வண்டி நிறுத்தக் கட்டணம் இதனினும் பெருந்தொகை தரும். அதுவே கார்க்கணக்குக்கும் பஸ் கணக்குக்கும் உள்ள 250 ரூபாய் வேறுபாட்டைக் குறைக்கவும் செய்யும்.

எவருக்குப் பங்கு என்பதில்தான் மகர்பட்டாவை அப்படியே நகல் செய்ய இயலாது. அங்கே பங்கு நிலத்தின் அளவைப் பொறுத்தது. ஆதலால் அதே வயல்களில் கரும்பு வெட்டிய நிலமற்ற கூலியாளுக்கு அதில் இடமில்லை. நாந்தேட் சிட்டிக்கு அப்பால் அம்முறை நகராததற்கும் இதுவே காரணம். நிலத்தை நீரிடமும் வனத்துறையிடமும் இழந்துவிட்ட ஊரில், சேர்ப்பதற்கு நிலம் ஏது? பான்ஷேத் கரையில் பங்கு, பட்டாவைக் கொண்டு அன்றிக் குடியிருப்பைக் கொண்டு வழங்கப்பட வேண்டியிருக்கும். குடும்ப அட்டையில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் குழுவில் ஓர் உறுப்பினர் உரிமை, ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் கிராம சபையில் கணக்கு வாசிப்பு, வசூலான தொகையும் செலவான தொகையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்படுதல் ஆகிய மூன்றும் அமைந்தால், அடுத்த மழைக்காலம் வருமுன் ஒரே ஒரு சோதனைச் சாவடியில் இதனைத் தொடங்கிப் பார்ப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படாது.